உயிரை வெறுத்து யோசனை கேட்பவருக்கு நாம் சொல்லும் பதில் என்ன?

 

சென்ற ஆண்டு ஷஅபான் மாதத்தில் ஒரு வேலையாக ஜவ்வாது மலைக்குப் போயிருந்தோம். ஜமுனாமரத்தூர் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு சகோதரர், அஸருக்குப் பிறகு நம்மைத் தேடி வந்தார். அவருடைய மகனுக்கு வயது இருபதுக்குச் சற்று மேல். படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கடையைப் பார்த்துக் கொண்டிருந்தவன். (அவர்களுடைய சம்மதத்தின் பேரிலும், ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியுமே இதை எழுதுகிறோம்.)

"ஹஜ்ரத், பையன் பத்து நாளா சரியாச் சாப்பிடல, தூங்கல. ஏதாவது ஓதி ஊதணும். ஒரு தாவீஸ் எழுதிக் கொடுத்தாலும் சரி" என்றார். அத்துடன் அவர் எழுந்து போயிருந்தால் நாமும் ஓதி ஊதிவிட்டு வந்திருப்போம். ஆனால் அவர் கையில் மகனுடைய கைபேசி இருந்தது. அதைத் திறந்து காட்டினார். காசு வைத்து ஆடும் ஆட்டத்தில் பணத்தை இழந்து, கைபேசி வழியாகவே கடன் வாங்கி, கடன் கொடுத்தவர்கள் உறவினர்களிடமெல்லாம் மானத்தை வாங்கிவிடுவோம் என்று மிரட்ட, அந்தப் பையன் முகம் தெரியாத மனிதர்களிடம் யோசனை கேட்டிருக்கிறான். 'நான் வாழ்வதா, சாவதா?' என்பதே அவனுடைய கேள்வி. அவனுக்கு வந்த பதில்களைப் படித்தபோது நமது நெஞ்சு நடுங்கிவிட்டது. ஒருவன் கேலி செய்திருந்தான். ஒருவன் அது உன் உரிமை என்று எழுதியிருந்தான். இன்னொருவன் தானும் கூட வருவதாக வாக்குக் கொடுத்திருந்தான். பல நாட்களாக நடந்த அந்தப் பேச்சில், 'உன் தாயிடம் போய்ச் சொல்' என்று எழுதியவர் ஒருவர்கூட இல்லை.

இதை முதலில் கண்டவள் அவனுடைய தங்கை. அவள் தாயிடம் சொன்னாள். தாய் இரண்டு நாட்கள் யாரிடமும் சொல்லவில்லை. குடும்ப மானம் தடுத்தது.

அன்று நாம் செய்த ஒரு தவறையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பையனை அழைத்து உட்கார வைத்தோம். தற்கொலை ஹராம் என்பதையும், அதற்குச் சொல்லப்பட்டிருக்கும் நரக வேதனையையும் ஏறத்தாழ அரை மணி நேரம் எடுத்துரைத்தோம். சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் அவன் தலையைக் குனிந்தவாறே இருந்தான். முகம் இன்னும் இறுகியது. நாம் பேசப் பேச, அவன் நம்மை விட்டுத் தொலைவில் போய்க்கொண்டிருந்தான்.

அப்போது அவனுடைய நன்னி உள்ளேயிருந்து ஒரு கிண்ணம் சாமைக் கஞ்சியோடு வந்தார்கள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, முதுகைத் தடவி, "இதக் குடி தங்கம். எவ்வளவு கடனாம்? எங்கே வலிக்குதுன்னு நன்னிகிட்டச் சொல்லு" என்றார்கள். அவ்வளவுதான். பையன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு விம்மி விம்மி அழுதான். அழுத பிறகு பேசினான். பேசிய பிறகு கஞ்சியையும் குடித்தான்.

மலையை விட்டு இறங்கி வரும் வழியெல்லாம் நமக்கு ஒரே யோசனைதான். ஏழாண்டு மதரஸாவில் ஓதிய நமக்குத் தெரியாமல் போனது அந்த மூதாட்டிக்குத் தெரிந்தது எப்படி? ஊர் வந்ததும் கிதாபுகளைப் புரட்டினோம். அவர்கள் செய்ததுதான் மார்க்கம் காட்டிய முறை என்பதைக் கண்டோம். அந்தப் பாடத்தையே இம்மாதம் நேயர்கள் முன் வைக்கின்றோம்.

விலக்கல் பற்றி ஐயமில்லை

தன்னுயிரைத் தானே போக்கிக் கொள்வது ஹராம் என்பதில் எந்த மத்ஹபிலும் கருத்து வேறுபாடு கிடையாது. ஸூரத்துன்னிஸாவின் 29-வது வசனத்தில் அல்லாஹ் அதைத் தடுத்திருக்கின்றான். புகாரீ, முஸ்லிம் ஆகிய ஸஹீஹான கிரந்தங்களில் கடுமையான எச்சரிக்கைகள் வந்துள்ளன. ஆனால் அந்த வசனம் எவ்வாறு முடிகிறது என்பதைக் கவனியுங்கள். தடுத்த அதே மூச்சில், தான் உங்கள் மீது மிக்க இரக்கமுடையவன் என்று அல்லாஹ் அறிவிக்கின்றான். தடையோடு இரக்கத்தையும் சேர்த்துச் சொல்வதுதான் குர்ஆனின் முறை. நாமோ அன்று வசனத்தின் முற்பகுதியை மட்டும் ஓதிவிட்டுப் பிற்பகுதியை விட்டுவிட்டோம். நன்னி பிற்பகுதியைக் கிண்ணத்தில் கொண்டு வந்தார்கள்.

அறியாதவர் சொன்ன யோசனை

யோசனை சொல்வது சிறு விஷயமல்ல. யாரிடம் ஆலோசனை கேட்கப்படுகிறதோ அவர் அமானிதத்துக்குப் பொறுப்பானவர் என்பது நபிமொழி. அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் இது வருகிறது.

அபூதாவூதில் ஹளரத் ஜாபிர் (ரளி) அவர்கள் அறிவிக்கும் ஒரு சம்பவத்தைச் சற்று நிதானமாகச் சிந்தியுங்கள். ஸஹாபாக்கள் சிலர் பயணத்தில் இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்குத் தலையில் கல்பட்டுப் பெருங்காயம். அந்நிலையில் அவருக்குக் குளிப்பும் கடமையாகிவிட்டது. தயம்மும் செய்துகொள்ள எனக்குச் சலுகை உண்டா என்று உடனிருந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், மரணமடைந்தார். செய்தி அறிந்த நாயகம் (ஸல்) அவர்கள், அவரை அவர்களே கொன்றுவிட்டார்கள் என்று கோபத்துடன் கூறினார்கள். தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்கு மருந்து கேட்பதுதானே என்றும் கூறினார்கள்.

யோசனை சொன்னவர்கள் வாளெடுக்கவில்லை, பகை கொள்ளவில்லை. நல்லது என்று நினைத்தே சொன்னார்கள். இருந்தும் அதற்குக் கொலை என்ற பெயர் வந்தது! அப்படியானால், புண்பட்ட உள்ளத்தோடு கேட்பவனிடம் கேலியாகவும் வேடிக்கையாகவும் சாவுக்கு வழி சொல்கின்றவனின் நிலை என்ன? தீமைக்குப் பரிந்து பேசுகின்றவனுக்கு அதில் ஒரு பங்கு உண்டு என்று ஸூரத்துன்னிஸாவின் 85-வது வசனம் எச்சரிக்கின்றது. நாட்டுச் சட்டமும் இதைக் குற்றமாகவே வைத்திருக்கிறது. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 108-வது பிரிவின்படி, தற்கொலைக்குத் தூண்டியவருக்குப் பத்தாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. தூண்டப்பட்டவர் சிறுவராகவோ சித்த சுவாதீனம் இல்லாதவராகவோ இருந்தால் 107-வது பிரிவின்படி தண்டனை இன்னும் கடுமையானது.

நூறு கொலை செய்தவர் கேட்ட கேள்வி

புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் வரும் மற்றொரு வரலாறு, ஹளரத் அபூ ஸயீதுல் குத்ரீ (ரளி) அவர்கள் அறிவிப்பது. முற்காலத்தில் தொண்ணூற்றொன்பது பேரைக் கொன்ற ஒரு மனிதன் மனம் திரும்பி, எனக்குத் தவ்பா உண்டா என்று ஒரு துறவியிடம் கேட்டான். வணக்கசாலியான அந்தத் துறவி, கிடையாது என்று சொல்லிவிட்டார். நம்பிக்கை அறுந்த அந்த நொடியில் அவன் அவரையும் கொன்று நூறாக்கினான். பிறகு ஓர் ஆலிமிடம் அனுப்பப்பட்டான். அவரோ, உனக்கும் தவ்பாவுக்கும் நடுவே நிற்பவர் யார் என்று கேட்டு, இன்ன ஊரிலே நல்லடியார்கள் இருக்கிறார்கள், அங்கே போ, உன் பழைய ஊருக்குத் திரும்பாதே, அது கெட்ட பூமி என்றார்.

ஒரே கேள்விக்கு இரண்டு பதில்கள். முதலாவது பதில் மேலும் ஓர் உயிரைப் பறித்தது. இரண்டாவது பதில் மனிதனை நடக்க வைத்தது. அந்த ஆலிம் அவனை வெறுங்கையோடு அனுப்பவில்லை. போகவேண்டிய இடத்தையும் காட்டினார், விட்டுவிட வேண்டிய கூட்டத்தையும் காட்டினார். இன்று நமது பிள்ளைகளின் கைபேசிக்குள்ளேயும் கெட்ட பூமி ஒன்று இருக்கிறது. அதை விட்டு வா என்று சொன்னால் போதாது. வந்து சேர ஒரு நல்ல ஊரும் வேண்டும். நமது வீடு அந்த ஊராக இருக்கிறதா? நமது பள்ளிவாசல் அந்த ஊராக இருக்கிறதா?

மர்யம் (அலை) அவர்களுக்கு வந்த பதில்

இனி இப்பாடத்தின் நடுநாயகமான இடத்துக்கு வருவோம். ஸூரா மர்யமின் 23-வது வசனம். பிரசவ வேதனை, தனிமை, நாளைக்கு ஊரார் என்ன சொல்வார்களோ என்ற அச்சம். இவை மூன்றும் ஒன்றாகச் சூழ்ந்த வேளையில், பேரீச்ச மரத்தின் அடியில் மர்யம் (அலை) அவர்கள், இதற்கு முன்பே நான் இறந்து அடியோடு மறக்கப்பட்டிருக்கக் கூடாதா என்று ஏங்குகின்றார்கள். சாவை விரும்பிச் சொன்ன சொல் அது. சொன்னவர்களோ உலகப் பெண்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஆகவே, சாக வேண்டும் போலிருக்கிறது என்று ஒருவர் சொன்னவுடனே அவருடைய ஈமானை எடைபோடப் புறப்படுவது எவ்வளவு பெரிய அவசரம்!

அந்தச் சொல்லுக்கு அல்லாஹ் அனுப்பிய பதிலை அடுத்த மூன்று வசனங்களில் படிப்படியாகப் பாருங்கள்.

முதலாவது: ஒரு குரல் வந்தது. அதுவும் கீழ்ப்பக்கத்திலிருந்து வந்தது. அது ஜிப்ரீல் (அலை) அவர்களுடைய குரல் என்றும், பிறந்த குழந்தையின் குரல் என்றும் முஃபஸ்ஸிர்கள் இரு விதமாகக் கூறுவர். எவ்வாறாயினும் அது மேலேயிருந்து அதட்டும் குரலாக இல்லை. துக்கப்பட வேண்டாம் என்ற ஆறுதலே முதற்சொல். ஏன் இப்படிச் சொன்னாய் என்ற கண்டனம் ஓர் எழுத்துகூட இல்லை.

இரண்டாவது: காலடியில் நீரோடை, தலைக்கு மேலே புதிய பேரீச்சங்கனி. உடலுக்கு வேண்டியது உடனே கொடுக்கப்பட்டது. பசியோடும் தூக்கமின்றியும் இருப்பவருக்கு உபதேசம் இறங்குவதில்லை.

மூன்றாவது: மரத்தை அசைக்கும்படி ஒரு சிறு வேலை சொல்லப்பட்டது. அசைக்காமலே கனியை உதிர்க்க அல்லாஹ்வால் முடியாதா? முடியும். ஆனாலும், என்னால் எதுவும் ஆகாது என்று சோர்ந்திருப்பவருக்கு, செய்ய முடிந்த ஒரு சிறு செயல் தேவைப்படுகிறது.

நான்காவது: உண்டு, பருகி, கண்குளிர இருக்கும்படியும், மனிதர் யாரையேனும் கண்டால் இன்று பேசுவதில்லை என்று நேர்ந்திருப்பதாகத் தெரிவிக்கும்படியும் சொல்லப்பட்டது. அதாவது, ஊராருடைய விசாரணைக்குப் பதில் சொல்லும் பாரம் அவர்கள் தோளிலிருந்து இறக்கப்பட்டது. பிறகு அவர்களுக்காக வேறொருவர் பேசினார். தொட்டில் குழந்தை பேசியது.

நேயர்களே! கஞ்சிக் கிண்ணத்தோடு வந்த அந்த நன்னி இந்த ஆயத்துகளுக்குத் தப்ஸீர் ஓதியவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் செய்தது இதன் அமல். பக்கத்தில் அமர்ந்தார்கள், உணவு தந்தார்கள், எங்கே வலிக்கிறது என்று கேட்டார்கள். நபித்துவ இல்லத்திலும் இதே நடைமுறைதான். ஹளரத் ஆயிஷா (ரளி) அவர்கள் தம் குடும்பத்தில் துக்கம் நேர்ந்தால் தல்பீனா என்னும் வாற்கோதுமைக் கஞ்சி காய்ச்சச் சொல்வார்கள். அது நோயாளியின் உள்ளத்துக்கு இதம் தரும், துயரில் சிறிதளவைப் போக்கும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துச் சொல்வார்கள். இது புகாரீயில் உள்ளது. சிறிதளவைப் போக்கும் என்ற சொல்லைக் கவனியுங்கள். கஞ்சியால் எல்லாத் துயரும் தீராது. ஆனால் பேச்சுக்கு வாசல் திறக்கும்.

கேள்விக்குப் பின்னால் நிற்பவர்

உலமாப் பெருமக்களுக்கும் பேஷ் இமாம்களுக்கும் ஒரு வார்த்தை. தற்கொலை செய்தவருக்கு மன்னிப்பு உண்டா என்ற மஸ்அலா நம்மிடம் அடிக்கடி வருகிறது. இதை இரண்டு விதமானவர்கள் கேட்கிறார்கள். ஒருவர் ஏற்கெனவே பிள்ளையையோ சகோதரனையோ இப்படிப் பறிகொடுத்து எரிந்துகொண்டிருப்பவர். மற்றவர், யாருக்கோ கேட்பது போலத் தனக்காகக் கேட்பவர். கேள்வி ஒன்று, ஆள் வேறு. ஆளை அறியாமல் பதில் சொல்வது, தலைக்காயத்தைப் பாராமல் குளிக்கச் சொன்னதைப் போன்றதாகும்.

ஆகவே பதிலுக்கு முன்பு, "எதற்காகக் கேட்கிறீர்கள், தம்பி? உங்களுக்கே அந்த எண்ணம் இருக்கிறதா?" என்று நேராகவே கேட்டுவிட வேண்டும். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டியதாகிவிடுமோ என்று பலர் அஞ்சுகின்றனர். அப்படி ஆவதில்லை என்பதை மனநல மருத்துவர்கள் ஆராய்ந்து கூறியிருக்கின்றனர். பூட்டிய நெஞ்சுக்கு அந்தக் கேள்வியே சாவியாகிவிடுவதும் உண்டு.

பறிகொடுத்தவருக்கு நாம் சொல்ல வேண்டியது ஆறுதல். தற்கொலை பெரும்பாவமே தவிர, அதனால் ஒருவர் இஸ்லாத்தை விட்டு வெளியேறிவிடுவதில்லை. முஸ்லிம் ஷரீபில், ஹளரத் துபைல் இப்னு அம்ர் (ரளி) அவர்களுடன் ஹிஜ்ரத் செய்து வந்த ஒருவர், நோயின் வேதனை தாளாமல் தம் கைகளுக்குத் தாமே ஊறு செய்து இறந்துபோனார். பின்னர் அவரைத் துபைல் (ரளி) அவர்கள் நல்ல நிலையில், ஆனால் கைகளை மூடிய கோலத்தில் கனவில் கண்டு சொன்னபோது, அவருடைய கைகளையும் மன்னித்துவிடும்படி நாயகம் (ஸல்) அவர்கள் துஆ செய்தார்கள். ஜனாஸாத் தொழுகை விஷயத்தில், இப்படி இறந்த ஒருவருக்கு நாயகம் (ஸல்) அவர்கள் தாமே தொழ வைக்கவில்லை என்று வந்திருப்பது பிறருக்கு எச்சரிக்கையாக இருப்பதற்கே என்பது பெரும்பாலான இமாம்களின் விளக்கம். ஹனபி மத்ஹபின் பத்வாவும் ஷாபிஈ மத்ஹபின் தீர்ப்பும் தொழுகை உண்டு என்பதே. எனவே கபரஸ்தானில் இடம் மறுப்பதும், அந்த வீட்டாரை ஒதுக்குவதும் மார்க்கமாகா. சித்தம் கலங்கியவர் தெளியும் வரை அவருக்குக் கணக்கு எழுதப்படுவதில்லை என்ற நபிமொழியையும் மறந்துவிடக் கூடாது. அந்த மனிதர் எந்த நிலையில் இருந்தார் என்பதை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே.

தனக்காகக் கேட்பவருக்கு இந்த விளக்கம் இப்போது வேண்டியதில்லை. அது அவருடைய வலிக்கு மருந்துமல்ல. அவருக்கு வேண்டியது, அவரோடு அன்றிரவு இருக்கும் ஒரு மனிதர். அத்துடன், புகாரீ, முஸ்லிமில் ஹளரத் அனஸ் (ரளி) அவர்கள் அறிவிக்கும் துஆவைக் கற்றுக் கொடுக்கலாம். துன்பத்துக்காக மரணத்தை ஆசிக்க வேண்டாம், தவிர்க்க முடியாவிட்டால், வாழ்வு எனக்கு நலமாக இருக்கும் வரை வாழவை, மரணம் நலமாகும்போது மரணிக்கச் செய் என்ற கருத்தில் கேட்கட்டும் என்றார்கள் நாயகம் (ஸல்). உள்ளே இருக்கும் ஆசையை மறைக்கச் சொல்லாமல், முடிவை மட்டும் அல்லாஹ்வின் கையில் ஒப்படைக்கச் சொன்ன கருணை இது.

இரகசியத்தைக் காக்கலாமா?

"யாரிடமும் சொல்லாதே" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு ஒருவர் இந்த எண்ணத்தை நம்மிடம் சொன்னால் என்ன செய்வது? பொதுவாகச் சபைப் பேச்சு அமானிதமே. ஆனால் ஓர் உயிர் போகும் என்ற இடத்தில் மௌனம் அமானிதமாகாது. புறம் பேசுவது ஹராம் என்றாலும், தீமையைத் தடுக்க உதவி தேடுவதையும் மார்க்கத் தீர்ப்புக் கேட்பதையும் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் விலக்குகளில் சேர்த்துள்ளார்கள். நீரில் மூழ்குபவரைக் காப்பாற்றத் தொழுகையையே முறித்துவிட வேண்டும் என்பது புகஹாக்களின் தீர்ப்பு. தொழுகையை முறிக்கலாம் என்றால், ஒரு வாக்கை முறிக்கக் கூடாதா? சத்தியத்துக்குக் கப்பாரா உண்டு. போன உயிருக்கு ஈடு எங்கே? ஆகவே, "உன்னைப் பாதுகாக்க வேண்டியவர்களிடம் மட்டும் சொல்வேன்" என்று அவரிடமே சொல்லிவிட்டு, சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லிவிட வேண்டும். தேவையற்றவர்களிடம் பரப்பினால் அது புறம்தான். தாயிடம் ஓடிய அந்தத் தங்கை செய்தது கோள் அல்ல. அது பர்ளான காரியம்.

மருந்தும் துஆவும்

ஸூரத்துல் பாத்திஹாவும் முஅவ்விததைனும் ஓதி ஊதுவது ஸுன்னத்தான காரியம். அதை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மருத்துவத்தை விட்டுவிடுவது தவக்குல் அல்ல. அல்லாஹ்வின் அடியார்கள் சிகிச்சை செய்துகொள்ள வேண்டுமென்று நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியுள்ளார்கள். மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டிவைத்த வழக்கத்தின் விளைவு நமக்குத் தெரியும். 2001 ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப வழியின்றி மாண்டார்கள். இறந்தோர் 28 பேர். அதே ஏர்வாடி தர்காவில் பின்னர் அரசு மனநல மருத்துவர்கள் அமர்ந்து, தவாவும் துஆவும் சேர்ந்து நடக்கும் திட்டம் ஏற்பட்டது. நமது வீடுகளும் அந்த வழிக்கு வர வேண்டும்.

இது நமக்குத் தொலைவான விஷயமென்று எண்ண வேண்டாம். 2022-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு கூறுகிறது. ஜவ்வாது மலையின் வடபுறம், வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில், 10 முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகளின் மரணங்களை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் 2001 வரை பத்தாண்டுகள் ஆராய்ந்து 2004-ல் வெளியிட்டனர். அவ்வயதில் இறந்த பையன்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரும், பெண் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோரும் தற்கொலையால் இறந்திருந்தனர். அந்த ஆண்டுகளில் இந்தக் கைபேசி கிராமங்களுக்கு வந்திருக்கவில்லை. ஆகையால் கைபேசியை மட்டும் பழித்துவிட்டு நாம் தப்பிக்க முடியாது. பிள்ளை அந்நியரிடம் கேட்கிறான் என்றால், வீட்டில் கேட்க இடமில்லை என்பதுதான் முதற்காரணம்.

வீட்டார் கவனத்துக்கு

திடீரென்று எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பது, தன் பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி என்று பேசுவது, தூக்கமும் உணவும் குறைவது, விரும்பிச் செய்த தொழுகையையும் வேலையையும் விட்டுவிடுவது, இவை அடையாளங்கள். இவற்றைக் கண்டால் அன்றைக்கே பேச வேண்டும்.

பேசும்போது குறுக்கிடாமல் கேளுங்கள். கைபேசியைப் பிடுங்கி உடைக்காதீர்கள். பிடுங்கினால் இரகசியம்தான் கூடும். யாரிடம் என்ன கேட்டாய், என்ன சொன்னார்கள் என்று பக்கத்தில் அமர்ந்து சேர்ந்து பாருங்கள். கடன் என்றால் கணக்கைக் காகிதத்தில் எழுதுங்கள். எழுதிய கடனுக்கு எல்லை தெரியும்; எழுதாத கடன் மலையாகத் தோன்றும். அந்த நாட்களில் அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சி மருந்து, மாத்திரை போன்றவற்றை வீட்டை விட்டே அகற்றி வேறிடத்தில் பூட்டி வையுங்கள். இது சாதாரண யோசனையல்ல. அந்த வேகம் பெரும்பாலும் சிறிது நேரத்துக்கானது. அதைக் கடந்துவிட்டால் மனிதர் வாழ்கிறார். கொடிய பூச்சி மருந்துகளை இலங்கை அரசு 1990-களில் தடை செய்தபின், பத்தாண்டுக் காலத்தில் அங்கே தற்கொலை விகிதம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய சினேகா அமைப்பினர், காட்டுமன்னார்கோயில் பகுதி கிராமங்களில் விவசாயிகளின் மருந்துகளைப் பொதுவான பூட்டுப் பெட்டகங்களில் வைக்கச் செய்து பலன் கண்டனர்.

இரவு எந்த நேரமானாலும் 14416 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம். தமிழிலேயே பதில் கிடைக்கும். இது 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் டெலி மானஸ் சேவை. தமிழக அரசின் 104 எண்ணும் உண்டு. சினேகாவின் எண் 044-24640050. காயமோ விஷமோ பட்டுவிட்டால் ஒரு நொடியும் தாமதியாமல் 108-ஐ அழையுங்கள். போலீஸ் வழக்கு வருமே என்று மறைக்க வேண்டாம். 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, உயிரை மாய்க்க முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, தண்டனையிலிருந்து விலக்குகிறது. சிகிச்சை தருவது அரசின் பொறுப்பு என்றும் சொல்கிறது.

அந்தப் பையன் இன்று

வாசகர்கள் கேட்பார்கள், அவன் என்ன ஆனான் என்று. மறுநாள் காலை அவனையும் தகப்பனாரையும் மலையிலிருந்து கீழே அழைத்து வந்து, அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் காட்டினோம். கடன் கணக்கை உறவினர் இருவர் சேர்ந்து எழுதி, மிரட்டியவர்கள் மீது காவல் துறையில் புகார் கொடுத்தார்கள். இப்போதும் மாத்திரை சாப்பிடுகிறான். இப்போதும் சில இரவுகள் அவனுக்குக் கடினமாகவே இருக்கின்றன. அந்த இரவுகளில் நமக்குப் போன் செய்வான். பல தடவை ஒன்றும் பேசமாட்டான். "கேட்டுக்கிட்டுதான் இருக்கோம் தம்பி, மெதுவாப் பேசு" என்போம். ஒருநாள் அவனே, "ஹஜ்ரத், அன்னிக்கு நீங்க சொன்னது ஒண்ணும் காதுல விழல. நன்னி கேட்டதுதான் விழுந்துச்சு" என்றான். நமக்கு இதைவிடச் சிறந்த ஸனது யார் தருவார்?

ஜவ்வாது மலையின் காவலூரில் ஒரு வானாய்வுக் கூடம் இருக்கிறது. எண்ணிப் பார்க்க முடியாத தொலைவிலுள்ள நட்சத்திரத்தின் மங்கலான ஒளியை, இரவெல்லாம் விழித்திருந்து அங்கே பிடிக்கின்றார்கள். பக்கத்து அறையில் அணைந்துகொண்டிருக்கும் ஓர் ஒளியைப் பார்க்க நமக்கு இயலாதா? இன்று மக்ரிபுக்குப் பிறகு, வீட்டிலுள்ள ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு முறை கேளுங்கள், "எப்படியிருக்கே?" என்று. கேட்டுவிட்டு, பதில் வரும் வரை காத்திருங்கள்.

ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதர் அனைவரையும் வாழவைத்தவர் போலாவார் என்று ஸூரத்துல் மாயிதாவின் 32-வது வசனத்தில் கூறிய இரட்சகன், நமது வீடுகளைத் துயருற்றோர் வந்து சேரும் நல்ல ஊராக ஆக்கியருள்வானாக! கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் கடன் சுமையிலிருந்தும் மனிதர்களுடைய அடக்குமுறையிலிருந்தும் நம்மையும் நமது சந்ததிகளையும் காத்தருள்வானாக! ஆமீன்.